மெட்டு பிடுங்கிய கிட்டார்

என் மனைவியின் கிட்டாரில் வெகுகாலம் மெட்டு கிடையாது. மெட்டு என்றால் கழுத்துப் பலகையின் குறுக்கே பதித்திருக்கும் சின்ன உலோகக் கம்பி. கிட்டார் வாசிப்பவர்கள் அதை ஃப்ரெட் என்பார்கள். விரல் கொஞ்சம் முன்னே பின்னே விழுந்தாலும் அந்தக் கம்பி தந்தியைச் சரியான இடத்தில் தடுத்து நிறுத்திவிடும்; சுரம் பிசகாது. நைலான் தந்தி பூட்டிய கிட்டாரில் பத்தொன்பது கம்பிகள் இருக்கும். அவள் சொல்லித்தான் பத்தொன்பதையும் நான் பிடுங்கினேன்.

கிட்டார் அவளுடைய அண்ணனுடையது. ராஜபாளையத்தில் கல்யாணங்களுக்கும் கோயில் கொடை விழாக்களுக்கும் பாட்டுக் கச்சேரி நடத்திய ஒரு குழுவில் அவர் வாசித்துவந்தார். குழு கலைந்து, வேலை தேடி வடக்கே போனபோது கிட்டாரைத் தங்கை வீட்டில் விட்டுப் போனார். திரும்பக் கேட்கவில்லை. அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. நன்றாகப் பாடுவாள். பாடுவதையெல்லாம் விரலால் தேடித் தேடிப் பிடித்தாள். ஆனால் பாடும்போது அவள் குரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு இழைந்து போகும். கம்பி பதித்த கிட்டாரில் அப்படி இழைய முடியாது. ஒவ்வொரு கம்பியிலும் தட்டித் தட்டித்தான் போக வேண்டும்.

"நான் ஒண்ணு சொல்ல வாரேன், இந்தக் கம்பி குறுக்க வந்து வாயைப் பொத்துதுங்க," என்பாள்.

"அது சும்மா வச்ச கம்பியா? ஒவ்வொண்ணும் கணக்குப் போட்டு வச்சது."

"உங்க கணக்கு மில்லோட இருக்கட்டும். இதப் பிடுங்கித் தாங்க."

நான் அப்போது ஒரு நூற்பாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஓர் அங்குல நூலில் எத்தனை முறுக்கு இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. எதைப் பார்த்தாலும் எண்ணத் தோன்றும். கிட்டாரின் கம்பிக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. தந்தியின் நீளம் அறுபத்தைந்து சென்டிமீட்டர். அதை ஏறக்குறையப் பதினெட்டால் வகுத்தால் முதல் கம்பியின் இடம் கிடைக்கும். மீதியை மறுபடியும் பதினெட்டால் வகுத்தால் இரண்டாவது. போகப் போக இடைவெளி சுருங்கும். பன்னிரண்டாவது கம்பி தந்தியின் சரிபாதியில் வந்து நிற்கும். இவ்வளவு அழகான கணக்கைப் பிடுங்கி எறியச் சொல்கிறாளே என்று எனக்கு வருத்தம்தான். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சால்டரிங் கோலால் ஒவ்வொரு கம்பியாகச் சூடாக்கி, குறடால் மெல்லத் தூக்கி எடுத்துவிட்டேன்.

பத்தொன்பது கம்பிகள் போன இடத்தில் பத்தொன்பது பள்ளங்கள். அவற்றை எதையாவது வைத்து அடைக்க வேண்டும். மெல்லிய மரச்சீவல் வைத்து அடைப்பார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்குத் தெரியாது. ராஜபாளையத்தில் நூலுக்குக் குறைச்சல் இல்லை. இரண்டு புரி முறுக்கிய நூலைத் தச்சர்கள் போடும் கோந்தில் ஊறவைத்து, பள்ளத்தில் திணித்து, மேலே மரத்தூளைத் தூவி, காய்ந்ததும் தேய்த்துவிட்டேன். கல்போல இறுகிப் போயிற்று. கோடு மட்டும் வெள்ளையாகத் தெரியட்டும், விரல் வைக்க அடையாளமாக இருக்கும் என்றேன். அவள் கேட்கவில்லை. கறுப்புப் பாலிஷ் அடிக்கச் சொன்னாள். கழுத்து முழுக்க ஒரே கறுப்பு. எந்த இடம் எந்தச் சுரம் என்று பார்த்துச் சொல்ல வழியே இல்லை.

முதல் சில மாதங்கள் வீட்டில் இருக்க முடியவில்லை. வீட்டில் தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருநாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"ஏமக்கா, பூனை எதுவும் குட்டி போட்டிருக்கா உங்க வீட்டுல?"

"ஆமா, ஆறு குட்டி. ஒண்ணு வேணுமா ஒனக்கு?" என்றாள் இவள், ஆறு தந்திகளையும் ஒருசேரத் தடவிக்கொண்டே.

பிறகு விரல் இடம் கண்டது. எப்படிக் கண்டது என்று என்னால் சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டு வைப்பாள், சரியாக இருக்கும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரலை இழுத்துக்கொண்டு போகும்போது நடுவில் ஒரு நெகிழ்ச்சி வரும். கேட்டுக்கொண்டிருப்பவர்கள், இது கிட்டார்தானா என்று தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். கம்பியை நம்பாமல் காதை மட்டும் நம்பி வாசிக்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருக்கும். அவளிடம் சொன்னதில்லை. சொன்னால், "இப்பத் தெரியுதா?" என்பாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பஜனை மடம் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். பால்கோவா கடை நடத்தும் ஒரு மதினிதான் பாட்டின் முதல் அடியை எடுத்துக் கொடுப்பாள். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் ஆர்மோனியம். யாரோ கூப்பிட்டு ஒருநாள் போன என் மனைவி, பிறகு எந்தச் சனிக்கிழமையையும் விட்டதில்லை. பிள்ளைகள் வெளியூரில். வாரத்தில் மற்ற நாளெல்லாம் என் முகத்தையே பார்க்க வேண்டும். அந்த மடம்தான் அவளுடைய ஊர் உலகம். அங்கே அவளுக்கு என்று ஓர் இடம் இருந்தது, ஆர்மோனியத்துக்கு வலப்பக்கம். அவள் வரப் பிந்தினால் அந்த இடத்தைக் காலியாக வைத்திருப்பார்கள்.

நானும் கூடவே போவேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஒரு கண்டக்டர் எங்களைக் கண்டாலே ஆரம்பித்துவிடுவார்.

"அம்மாவுக்கு ஃப்ரீ. அய்யாவுக்கு டிக்கெட்டு. இந்த கிட்டாரு ஆம்பளையா பொம்பளையா, அதச் சொல்லுங்க மொதல்ல."

"பொம்பளதான்யா. அதான் கம்முனு மடியில இருக்கா," என்பாள் அவள்.

"கம்முனு இருந்தா பொம்பளையா? எங்க வீட்டுக்கு வந்து பாருங்கம்மா."

மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பஜனையில் யாரையும் நிறுத்தக் கூடாது. யாரையும் திருத்தவும் கூடாது. சுருதி பிசகிப் பாடுகிறவர் இருந்தால் மற்றவர்கள் சத்தத்தை ஒரு பங்கு கூட்டிக்கொள்வார்கள். ஜால்ரா பலமாக விழும். பிசகு அதற்குள் அமுங்கிப்போகும். பாடினவருக்கும் மனம் நோகாது. நல்ல வழக்கம்தான். வயதானவர்கள் பலரை அப்படியே மூடிக் கொண்டுபோனதை நானே பார்த்திருக்கிறேன். என் மனைவியும் மூடியிருக்கிறாள். எதிர்ப்பக்கத்தில் உட்காரும் ஒரு கிழவர் உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் இவள் பலமாகத் தந்தியை மீட்டுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவளுக்குத் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாந்தி. வலது காதில் மில் ஓடுகிற மாதிரி இரைச்சல். மருந்து கொடுத்தார்கள். படுத்தே கிடந்தாள். சுற்றல் நின்றது, இரைச்சலும் குறைந்தது. நான் நிம்மதியானேன். அவள் மறுபடி கிட்டாரை எடுத்தாள். மறுபடி சனிக்கிழமை மடத்துக்குப் போனோம்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாள்.

"ஆர்மோனியம் சுருதி ஏறிப்போச்சுங்க. கீழ சரியா இருக்கு. மேல போகப் போக ஏறுது. வாசிக்கிற அண்ணாச்சிகிட்ட சொல்லணும்."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"ஒங்களுக்கு என்னைக்குத் தெரிஞ்சிருக்கு?"

அடுத்த சனிக்கிழமை அவரிடம் சொல்லியும் விட்டாள். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஆர்மோனியத்தைப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனார். ஒவ்வொரு கட்டையாக அழுத்தி, செல்போனில் சுருதி காட்டும் ஆப்பை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் பிசகில்லை. அதை அவர் பிற்பாடு என்னிடம்தான் சொன்னார், அவளிடம் சொல்லவில்லை. "பாத்துட்டேன் மதினி," என்றதோடு சரி. சரி செய்துவிட்டதாக அவள் எடுத்துக்கொண்டாள். ஆனால் ஆர்மோனியம் ஏறியேதான் இருந்தது அவளுக்கு. பிறகு பால்கோவா கடை மதினியின் குரலும் ஏறிப்போயிற்று. பிறகு மற்றவர்களுடையதும்.

"எல்லாரும் ஏத்திக்கிட்டே போறாக. பழக்கம் கெட்டுப்போச்சு. கத்துறாக வேற," என்றாள்.

கத்தினார்கள்தான். அது எனக்கே கேட்டது. வாரத்துக்கு வாரம் மடத்தில் சத்தம் கூடிக்கொண்டே போயிற்று. இரண்டு ஜோடி ஜால்ரா இருந்த இடத்தில் நான்கு ஜோடி. ஆர்மோனியத்தின் துருத்தியை அவர் தோளைக் குலுக்கி அடித்தார். முன்பு அவள் முன்னால் இருந்த மைக் மெல்ல நகர்ந்து நகர்ந்து ஆர்மோனியத்தின் பக்கம் போய்விட்டது. யாரை மூடுகிறார்கள் என்று எதிர்ப்பக்கத்துக் கிழவரைப் பார்த்தேன். அவர் வாரக்கணக்காக வரவே இல்லை.

பஜனை முடிந்து சுண்டல் கொடுக்கும்போது ஆர்மோனியக்காரர் என்னை வாசல் குழாயடிக்குக் கூட்டிப்போனார்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடக் கூடாது."

"சொல்லுங்க."

"ஒங்க வீட்டு மதினி வாசிப்பு... மேல போகையில சுருதி எறங்கிருதுல்லா. செத்த எறங்குது. முந்தி அப்படி இல்ல. ஒடம்புக்கு எதுவும் சரியில்லையா?"

"எம்புட்டு எறங்குது?" என்று கேட்டேன். எனக்கு அதுதான் கேட்கத் தோன்றியது.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எம்புட்டுன்னு நான் என்னத்தச் சொல்ல? காதுல விழுதுல்லா," என்றார். பிறகு, "நாங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம். அவிய எப்பவும் போல வரட்டும். நான் சொன்னதா இருக்க வேண்டாம்," என்றார்.

மறுநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் ஸ்கேலை வைத்துக் கிட்டார்க் கழுத்தின் விளிம்பில் பென்சிலால் பத்தொன்பது புள்ளிகள் வைத்தேன். மாலையில் அவள் வாசிக்கும்போது பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கீழே எல்லாம் புள்ளியிலேயே விழுந்தது. மேலே போகப் போக விரல் புள்ளிக்கு முன்னாலேயே நின்றது. பன்னிரண்டாவது புள்ளியில் ஐந்தாறு மில்லிமீட்டர் குறைந்தது. கண்ணை மூடி, முகத்தில் கொஞ்சமும் சந்தேகம் இல்லாமல், அந்தக் குறைந்த இடத்திலேயே விரலை ஊன்றி அசைத்தாள்.

"என்ன அப்படிப் பாக்கீக?" கண் திறந்துவிட்டாள். என் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். கிட்டாரின் கழுத்தைத் திருப்பிப் புள்ளிகளைக் கண்டாள்.

"இது என்ன?"

சொன்னேன். ஆர்மோனியக்காரர் பேச்சை எடுக்கவில்லை. ஆர்மோனியத்தில் பிசகில்லை என்பதையும், விரல் மேலே குறைகிறது என்பதையும் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை. செல்போனைக் கொண்டுவரச் சொன்னாள். ஆப்பை எதிரே வைத்துக்கொண்டு பன்னிரண்டாவது புள்ளியில் விரலை வைத்து மீட்டினாள். சுருதி சரி என்று ஆப்பில் பச்சை வந்தது. அவள் முகம் சுளித்தது. விரல் தானாகப் பின்னால் இறங்கியது. பச்சை போயிற்று, அவள் முகம் தெளிந்தது. மறுபடி புள்ளிக்குப் போனாள். மறுபடி முகம் சுளித்தது. இப்படிப் பலமுறை செய்தாள். பிறகு கிட்டாரைச் சுவரோரமாகச் சாய்த்துவைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மதுரையில் காது டாக்டரம்மா ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார். காதுக்குள்ளே மயிரிழை போன்ற நுண்ணிய இழைகள் இருப்பதாகவும், ஒவ்வோர் இழையும் ஒரு சுரத்துக்கு அசையும் என்றும், அவற்றில் சில பழுதாகிவிட்டால் பக்கத்து இழைகள் அந்த வேலையைப் பார்க்கும் என்றும், அதனால் ஒரு சுரம் இன்னொன்றாகக் கேட்கலாம் என்றும் விளக்கினார். வலது காதில் அதிகம். இடதிலும் தொடங்கியிருக்கிறது.

"மிஷின் வச்சா சரியாகுமா?" என்று கேட்டேன்.

"சத்தத்தைக் கூட்டித் தரும்யா. சுரத்தைத் திருத்தாது."

"இன்னும் மோசமாகுமா?" இது அவள் கேட்டது.

"ஆகலாம். ஆகாமலும் இருக்கலாம்மா."

நான் சும்மா இருக்கவில்லை. வலது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வாசித்துப் பார் என்றேன். வாசித்தாள். "கெணத்துக்குள்ள இருந்து வாசிக்க மாதிரி இருக்கு," என்று பிடுங்கிப் போட்டாள். இடது காதும் பெரிதாக உதவவில்லை. புள்ளியைப் பார்த்து வாசி என்றேன். அதுவும் முடியவில்லை.

"கண்ணு ஒரு எடத்தச் சொல்லுது. காது வேற எடத்தச் சொல்லுது. இந்த வெரலு காது பேச்சத்தான் கேக்குது. அம்புட்டு வருசமாப் பழக்குனது, இப்பப் போயி அதுகிட்ட மாத்திச் சொன்னா கேக்குமா?"

"அப்ப வாசிக்காண்டாம். போயி பாடு."

"பாட்டுக்கும் இதே காதுதானங்க?"

அந்தச் சனிக்கிழமை அவள் மடத்துக்குப் போகவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. பால்கோவா கடை மதினி போன் செய்தாள். "ஒங்க எடம் சும்மா கெடக்கு மதினி. வாங்க." இவள் காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். போனை வைத்துவிட்டு, சுவரோரம் இருந்த கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"கம்பியத் திரும்பப் போட்டா என்ன?"

நான் பல நாட்களாக நினைத்து, சொல்லாமல் வைத்திருந்தது அதுதான். கம்பி இருந்தால் விரல் எங்கே இறங்கினாலும் சுரம் இறங்காது. அவள் காது என்ன சொன்னாலும் கம்பி விடாது. "போடலாம். ஆனா ஒனக்கு..." என்று இழுத்தேன்.

"எனக்கு எப்படிக் கேட்டா என்ன? அவியளுக்குச் சரியா இருக்கும்லா?"

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆர்மோனியம், வீணை எல்லாம் பழுதுபார்க்கும் அதே ஆளிடம் கொண்டுபோனோம். அவர் பாலிஷைச் சுரண்டி, கூர்மையான ஊசியால் முதல் பள்ளத்தைக் கிளறினார். கோந்தில் இறுகிய நூல் நார் நாராக வெளியே வந்தது.

"இது என்னய்யா, நூலா?" வாய்விட்டுச் சிரித்தார். "ராஜபாளையத்துக்காரகன்னு காட்டிட்டீகளே. ஒலகத்துல எவனும் கிட்டார்ல நூலத் திணிச்சு நான் பாத்ததில்ல."

சிரிப்பு அடங்கியதும் அவர் முகம் மாறியது. நூல் சும்மா வரவில்லை. பள்ளத்தின் விளிம்பையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. பத்தொன்பதில் ஒன்றுகூட ஒழுங்காக மிஞ்சாது என்றார். பள்ளத்தை அகலப்படுத்தி, பசை ஊற்றித்தான் புதுக் கம்பியை இறக்க முடியும். இறக்கினால் இறக்கியதுதான்.

"பொறவு வேண்டாம்னு எடுக்க முடியாது பாத்துக்கிடுங்க. எடுத்தா கட்டையும் சேந்து வந்துரும். யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

நான் யோசிக்கலாம் என்றேன். வேறு கிட்டார் ஒன்று வாங்கிக்கொள்ளலாம், இது இப்படியே இருக்கட்டும் என்றேன். அவள் கேட்கவில்லை.

"ரெண்டு இருந்தா நான் இதத்தான் எடுப்பேன். போடச் சொல்லுங்க," என்றாள்.

கம்பி போட்ட கிட்டாருடன் மடத்துக்குப் போன முதல் சனிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவளுடைய இடம் காலியாகத்தான் இருந்தது. மதினி எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். வழக்கம்போல எல்லோரும் உரத்த குரலில்தான் தொடங்கினார்கள். நான்கு ஜோடி ஜால்ராவும் விழுந்தது. இரண்டாவது பாட்டில் கிட்டார் உச்சத்துக்குப் போயிற்று, பிசகவில்லை. ஆர்மோனியக்காரர் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது பாட்டில் துருத்தி அடிக்கிற வேகம் குறைந்தது. ஒருவர் ஜால்ராவைக் கீழே வைத்தார். பிறகு இன்னொருவர். குரல்கள் ஒவ்வொன்றாகத் தணிந்தன. ஐந்தாவது பாட்டில் மடம் பழைய மடமாகிவிட்டது. மைக்கை யாரோ அவள் பக்கம் நகர்த்தினார்கள். எனக்குக் கண் கலங்கியது. சந்தோஷம் என்றுதான் நினைத்தேன். அப்போது அவளைப் பார்த்தேன். கண்ணை மூடவில்லை. கழுத்துப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் அசைந்தன. பாட்டின் வரி இல்லை அது. மூன்று, ஐந்து, ஐந்து, ஏழு என்று கம்பிகளின் எண்ணை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் ஆர்மோனியக்காரர் வந்தார். "மதினி, இன்னைக்குப் பிரமாதம்."

"அப்படியா அண்ணாச்சி?" என்று சிரித்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் ராஜபாளையம் நெருங்கும்போது என் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்.

"அம்புட்டு நாளும் என்னைய மூடத்தான் கத்துனாகளா?"

நான் கையிலிருந்த டிக்கெட்டை நான்காக மடித்தேன்.

"நான் என்னன்னா, அவியளுக்குப் பழக்கம் கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்." கிட்டார் உறையைச் சரிசெய்துகொண்டே, "இன்னைக்கு எல்லாரும் ஒண்ணுபோல ஏத்திப் பாடுனோம், நானும் சேந்து. ஒண்ணுகூட எனக்குப் பாட்டா கேக்கல," என்றாள்.

அவள் மடத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. சனிக்கிழமை தவறாமல் போகிறாள். சுண்டல் கிண்ணங்களைக் கழுவ உதவுகிறாள், மதினியோடு மருமகள் கதை பேசுகிறாள். வாசிப்பு பிசகுவதில்லை. ஆனால் மற்ற நாட்களில் வீட்டில் கிட்டார் உறையை விட்டு வெளியே வருவதில்லை. முன்பு மாலை நேரங்களில் நான் தாழ்வாரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். உள்ளே அவள் வாசித்துக்கொண்டிருப்பாள். கேட்கிறேன் என்றே தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது பேப்பரை மூன்று தடவை திருப்பினாலும் ஒரு வரி மனதில் ஏறுவதில்லை. பக்கத்து வீட்டு அம்மாள்கூடக் கேட்டுவிட்டாள், "ஏமக்கா, பூனையை எங்க விரட்டிட்டீங்க?" என்று.

போன மாதம் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"எனக்காகச் செத்த நேரம் வாசியேன்."

"சனிக்கெழம வாசிக்கேன்லா?"

"அது அவியளுக்கு."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உறையை அவிழ்த்து, கிட்டாரை மடியில் வைத்து, முதல் தந்தியில் ஒவ்வொரு கம்பியாக மெல்ல மீட்டிக்கொண்டு போனாள். ஏழாவது கம்பியில் நின்றாள். எட்டை மீட்டினாள். மறுபடி ஏழுக்கு வந்தாள்.

"இதுவரைக்கும் எனக்குச் சரியா கேக்குது. போட்ட புதுசுல ஒம்பது வரைக்கும் கேட்டுச்சு."

எண்ணிக்கையே பிடிக்காதவள் அவள். அவள் சொன்ன அந்த இரண்டு எண்களையும் நான் எங்கும் குறித்துவைக்கவில்லை. மனதில் கழித்துப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

"ஏழுக்குள்ள முடியிற பாட்டு எதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கும். தேடணும்."

தேடினோம். அவள் ஒன்றைத் தொடங்குவாள். நான் கம்பியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மேலே போகிறது என்று தெரிந்ததும் விட்டுவிடுவாள். அப்படி எத்தனையோ பாட்டுகள் நடுவிலேயே நின்றன. தாலாட்டு ஒன்று முழுக்க உள்ளே அடங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கம்பிகளில் தட்டித் தட்டித்தான் போயிற்று. ஆனால் அவள் முகத்தில் பழைய தெளிவு இருந்தது.

அடுத்து அவளுக்கு ரொம்பப் பிடித்த பாட்டு ஒன்று. அதில் ஒரே ஒரு வரி மேலே போகிறது. அந்த வரிக்கு வந்ததும் கையைத் தந்திமேல் வைத்து ஓசையை அடக்கினாள். அந்த வரி போகிற நேரம் முழுவதும் அப்படியே காத்திருந்தாள். பிறகு அடுத்த வரியை எடுத்தாள்.